இரணியலில் இறங்கிய ராபின்

எனக்கு ஆங்கிலம் வரும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. நம்பியதோடு நிற்காமல் எங்கள் துறைத்தலைவர் மேடத்தையும் நம்ப வைத்துவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். 'சமகாலப் பாதுகாப்புச் சவால்கள்' என்று ஒரு பன்னாட்டு மாணவர் மாநாடு. ராபின் என்ற வெளிநாட்டுப் பிரதிநிதியை இரணியல் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவதும், மாநாட்டைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் பேச்சைத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு. ஒழுங்காகச் செய்தால் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்த்துக்கொள்வதாக மேடம் சொல்லியிருந்தார்.

தோவாளைச் சம்பங்கி மாலையுடன் பிளாட்பாரத்தில் நின்றேன். கையில் 'ராபின் அவர்களே வருக' என்று அட்டை. (தமிழில். ஏன் தமிழில் என்று இதுவரை யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை.) ரயிலிலிருந்து ஒரு வெள்ளைக்கார இளம்பெண் இறங்கி, என் எதிரே வந்து நின்று சிரித்தாள். அட்டையை மறைக்கிறாளே என்று, தள்ளி நிற்கும்படி கை காட்டினேன். அவள் பின்னால் நரைத்த தாடியோடு ஒருவர் இறங்கினார். வெளிநாட்டில் எந்த வயதிலும் படிப்பார்களாமே. மாலையைப் போட்டுவிட்டேன். பயணம் சுகமா என்று கேட்டேன், சுகம் என்றார். காரில் ஏற்றினேன்.

மேடையில் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "மன்னிக்கவும். நீங்களெல்லாம் யார் என்று எனக்குத் தெரியவில்லை."

முன்வரிசைப் பேராசிரியர்கள் சிலையாகிவிட்டார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாய் தானாகத் திறந்தது.

"நாம் யார் என்பதே நமக்குத் தெரியவில்லை. இன்றைய பெரிய சவால் அதுதான்."

பின்வரிசை கைதட்டியது.

அவர் தொடர்ந்தார். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வந்தாராம். தங்கும் விடுதியிலிருந்து அனுப்பிய கார் என்று நினைத்து ஏறிவிட்டாராம். ஊரில் பேக்கரி வைத்திருக்கிறாராம். அரண்மனைப் பாதுகாப்பு, உணவுப் பாதுகாப்பு என்று நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். இன்னும் பலத்த கைதட்டல். மனிதர் நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டார்.

மேடம் மேடையேறி என் காதருகே குனிந்தார். "மக்கா, நீ ஆளு பேரைக் கேட்டியா?"

"இல்ல மேடம்."

"அப்போ ராபின் எங்க?"

ராபின் கல்லூரி கேட்டில் நின்றிருந்தாள். ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தவளை, அடையாள அட்டை இல்லை என்று காவலாளி உள்ளே விடவில்லை. (அந்த மாநாட்டில் பாதுகாப்பு ஒழுங்காக நடந்த ஒரே இடம்.) நான் தள்ளி நிற்கச் சொன்ன அதே பெண்.

அவள் மேடையேறி, எழுதிக் கொண்டுவந்த கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, காலையில் ஸ்டேஷனில் நடந்ததை விலாவாரியாகப் பேசினாள். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை மாறாமல். மேடம் பக்கத்திலேயே நின்றார்.

ஆராய்ச்சித் திட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. கதை மட்டும் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை கழுத்துக்கு நேராக மாலையைத் தூக்கிய நேரம், பின்னாலிருந்த அண்ணன் சொன்னான்: "ஏட்டி, மொதல்ல பேரைக் கேளு."

மாப்பிள்ளை நல்ல மனிதர். இனிஷியலோடு பேரைச் சொல்லி, சொந்த ஊர் அஞ்சுகிராமம் என்றும் சொல்லிவிட்டுத்தான் மாலைக்குக் குனிந்தார். வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் முகூர்த்தத்தை வேகமாக ஓட்டிவிட்டு அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுகிறார்கள்.