பத்தாவது சொல்

'தெரியாது' என்ற சொல்லை வீட்டுக்குள் உச்சரிப்பதில்லை என்று கல்யாணமான மூன்றாம் நாளே நான் முடிவெடுத்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக அதைக் காப்பாற்றியும் வருகிறேன். மழை ஏன் சாய்ந்து பெய்கிறது என்று மனைவி கேட்டாலும் என்னிடம் பதில் உண்டு. எதிர்வீட்டுக்காரர் ஏன் திடீரென்று மீசையை எடுத்தார் என்று கேட்டாலும் உண்டு. பதில் சரியா என்பது வேறு இலாகா.

தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்துப் பவர் சொல்வதும் நானே. இந்தத் தொழிலில் பெரிய தொல்லை, தெரியாததைத் தெரிகிறது என்று சாதிப்பவர்கள்தான். கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதென்று ஊர் சொல்லுமே என்ற பயம். கடைசி வரி எழுத்துகளைக் குத்துமதிப்பாக அடித்துவிடுவார்கள். அந்த மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறேன். "ரொம்ப நல்லது, இப்ப அதுக்குக் கீழ இருக்கிற வரியைப் படிங்க" என்பேன். கீழே வரியே கிடையாது, வெறும் சுவர். ஆசாமி அதையும் கடகடவென்று படிப்பார். படித்தவுடன் மறுபேச்சில்லாமல் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிடுவேன். இதை வாரத்துக்கு ஒருமுறையாவது சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிச் சிரிப்பேன். புதிதாகக் கேட்பவள் மாதிரி அவளும் சிரிப்பாள்.

போன மாதம் அவள் நூலக மாடியில் நடக்கும் வாசகர் வட்டத்தில் சேர்ந்தாள். மொத்தம் ஏழு பெண்கள். தலைமை, நூலகர் அம்மா. வாரம் ஒரு பழைய சிறுகதை படிக்க வேண்டும். அதில் தெரியாத சொற்களையெல்லாம் நோட்டில் எழுதி, அர்த்தத்தோடு சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். முதல் கதை எண்பது வருஷத்துக்கு முந்தையது. ஒரு படகுக்காரனைப் பற்றியது என்றாள். ஆறே பக்கம்தான், ரெண்டு பேருமாகச் சேர்ந்து படிக்கலாம் என்று மூன்று நாள் கேட்டாள். கடையில் தலைக்கு மேல் வேலை என்று மூன்று நாளும் சொன்னேன். வேலை, தலைக்கு மேலிருந்த டிவியில் கிரிக்கெட்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நோட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, கொண்மூன்னா என்ன?"

"மூக்குத்தண்டு. கண்ணாடி உக்காருற இடம்."

"'கொண்மூ கறுத்துத் திரண்டது'ன்னு இருக்கு."

"நாள் முழுக்க வெயில்ல படகு ஓட்டுறவனுக்கு மூக்கு கறுக்காம என்ன செய்யும்?"

எழுதிக்கொண்டாள். அடுத்தது, அளறு. பெருங்கூச்சல் என்றேன். படகுக்காரன் முழங்கால்வரை அளற்றில் நிற்கிறானே என்று கேட்டாள். சுற்றியிருப்பவர்கள் உட்கார்ந்தபடி கத்துகிறார்கள், சத்தம் அந்த உயரத்துக்குத்தான் வரும் என்றேன். அதையும் எழுதினாள்.

"புணை?"

"பொய்."

"அதைக் கரையில கட்டிட்டுக் காத்திருக்கானே."

"நல்ல மனுஷன். வீட்டுக்குப் பொய்யைக் கொண்டுபோகக் கூடாதுன்னு நினைக்கிறான்."

இப்படியே ஒன்பது சொல் ஆயிற்று. எனக்கோ நல்ல ஏறுமுகம். பத்தாவதாக ஞெளுவம் என்றாள். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். இந்த மாதிரிச் சொல்லை நின்ற நிலையில் சொல்லிவிடக் கூடாது.

"ஆழமான சொல்லும்மா. புருஷன் மேல பொண்டாட்டிக்கு உள்ளுக்குள்ள இருக்கிற மரியாதை. வெளிய காட்டிக்க மாட்டா. ஆனா இருக்கும்."

"இருக்குமா?"

"அந்தக் காலத்துல இருந்துச்சு."

எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நூலகர் அம்மா கண்ணாடியின் திருகை இறுக்கிக்கொள்ளக் கடைக்கு வந்தார். நாளைக்கு உங்கள் வீட்டம்மாதான் முதலில் வாசிக்கப் போகிறார், அர்த்தம் ஒன்று தப்பினாலும் எங்கள் வட்டத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் பரவாயில்லை, பழகிவிட்டது. நான் சொன்னதை நம்பி எழுதியவளைப் பார்த்து ஆறு பெண்கள் சிரிப்பதை நினைத்தால் தாங்கவில்லை.

கடைக்கு மத்தியானமே ஷட்டரை இறக்கினேன். நூலகத்துக்குப் போய், தலையணை தலையணையாக மூன்று அகராதியும் அந்தக் கதைப் புத்தகமும் வாங்கி ஒரு மூலையில் உட்கார்ந்தேன். கொண்மூ என்றால் மழைமேகம். அளறு என்றால் சேறு. புணை என்றால் தெப்பம். மூக்கையும் கூச்சலையும் எடுத்துவிட்டுப் படித்தால் அது வேறு கதையாக இருந்தது. கோபித்துக்கொண்டு அக்கரைக்குப் போன மனைவி என்றைக்காவது திரும்பி வருவாளென்று, மேகம் கறுத்து நிற்க, முழங்கால் சேற்றில் ஒருவன் தெப்பத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்பது சொல் கிடைத்தது. ஞெளுவம் மட்டும் அகப்படவில்லை. மூன்று அகராதியிலும் ஞகர வரிசையை விரல் வைத்துத் தேடினேன். கதையில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் இடம் புரியுமே என்று மறுபடி படித்தேன். மறுபடியும் படித்தேன். நாலாவது தடவை படித்தபோதும் அது கண்ணில் படவில்லை. எனக்கே கண்ணாடி தேவையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் நோட்டோடு செருப்பை மாட்டும்போது வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"போகாதே. நான் சொன்ன ஒன்பதும் தப்பு. இந்தா, சரியான அர்த்தம். பத்தாவது... பத்தாவது எனக்குத் தெரியாது."

பத்தொன்பது வருஷ விரதம் வாசற்படியில் முடிந்தது.

அவள் என் காகிதத்தை வாங்கவில்லை. நோட்டைத் திறந்து காட்டினாள். இடது பக்கம் ஒன்பது சொல்லுக்கும் சரியான அர்த்தம், புதன்கிழமை தேதியிட்டு. வலது பக்கம் 'இவர் சொல்வது' என்று தலைப்புப் போட்டு என்னுடைய மூக்கும் கூச்சலும்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் என்னைக் கேட்டே?"

"கூடச் சேர்ந்து படிங்கன்னா படிக்கல. இப்படிக் கேட்டாலாவது புஸ்தகத்தைத் தொடுவீங்கன்னு பார்த்தேன். நாலு தடவை படிச்சாராம், ரெண்டு தடவை கண்ணைத் துடைச்சாராம்னு நூலகர் அம்மா போன் பண்ணினாங்க."

"தூசி."

"எனக்கும் அதே இடத்துலதான் தூசி விழுந்துச்சு," என்றாள்.

வாசற்படியிலேயே உட்கார்ந்தோம். அக்கரைக்குப் போனவள் கட்டாயம் திரும்பி வந்திருப்பாள் என்றேன் நான். சேற்றிலிருந்து ஏறி அவனே அக்கரைக்குப் போயிருக்க வேண்டும் என்றாள் அவள். வட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அது சரி, ஞெளுவம் எந்தப் பக்கத்துல வருது?"

"அதுவா? அது கீழ் வரிங்க," என்றாள். "வெறும் சுவர்."

திங்கட்கிழமை நூலகர் அம்மாவின் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். கண் சோதிக்க உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கவுண்ட்டர்மேல் குனிந்து, தாழ்ந்த குரலில், துக்கம் விசாரிப்பவர் மாதிரி சொன்னார்:

"சார், எங்க வீட்டுலயும் கேட்டுப் பார்த்துட்டேன். ஞெளுவம் இல்லையாம்."