இரண்டு கையும் ஒரு துண்டும்

பிரிக்பீல்ட்ஸ்
12-7-1934

ரவாங்கில் இருக்கும் அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் தம்புசாமி அவர்களுக்கு, தங்கை புஷ்பவல்லி வணங்கி எழுதுவது. இவ்விடம் நான் சுகம், அவர் சுகம், எங்கள் மாடும் சுகம். விடுதிப் பிள்ளைகளின் வயிறு மட்டும் சுகமில்லை. அண்ணியும் குழந்தைகளும் சுகமென்று நம்புகிறேன்.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த மேட்ரன் வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த மாணவியர் விடுதியை நடத்துவது சின்னையா முதலாளி. இங்கே அரிசி அனுப்புகிற கிள்ளான் கடையும் அவருடையதே. அரிசியில் பாதி கல், மீதி வண்டு. சமையல்காரி பவுனம்மாள் பானையை என் மேசைமேல் வைத்து, "அம்மா, இதை ஆக்கணுமா, இல்ல ரோட்டுக்குப் போடணுமா?" என்றாள். விடுதியில் பங்கு போட்டிருக்கும் பெற்றோர் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் நேரில் பேரம் பேச வேண்டும், மேட்ரன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பிள்ளைகள் வருஷம் முழுக்கக் கல்லைத் தின்ன வேண்டும்; போடாவிட்டால் என் வேலை போகும்.

பேரத்துக்கு முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். "கடைக்காரர் எங்கே ஐயா?" என்றேன். "இதோ வந்துட்டார்" என்று கோட்டைக் கழற்றித் தோள் துண்டை விரித்தார். பக்கத்தில் இருப்பவருக்கு விலை தெரியாதபடி வியாபாரிகள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்களே, அந்த வழக்கம். தன் கை இரண்டையும் தானே உள்ளே விட்டார். துண்டு துடித்தது. "கட்டாதுய்யா!" என்று இந்தப் பக்கம் திரும்பினார். "படிக்கிற பிள்ளைங்க, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று அந்தப் பக்கம் திரும்பிக் கெஞ்சினார். "சரி, உங்க முகத்துக்காக" என்றார் மறுபடி இந்தப் பக்கம். கடைசியில் வலது கை ஜெயித்தது. அது யார் கை என்று கேட்டேன். "கடைக்காரர் கை. அதுலதானே பணம் வாங்கணும்?"

"விலை இருக்கட்டும் ஐயா, சரக்கைப் பார்க்க வேண்டாமா?" என்று அதே அரிசியை ஆக்கி அவருக்கு இலை போடச் சொன்னேன் பவுனம்மாளிடம். இரண்டாவது கவளத்தில் 'கடக்' என்றது. தாடையைப் பிடித்துக்கொண்டே அவசரமாகக் கோட்டை மாட்டினார். "மேட்ரன்! அந்தக் கடைக்காரப் பய என்னை ஏமாத்திட்டான்! பல்லு போச்சு!"

"யார் ஐயா?"

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நான் அவன்கிட்டப் பேசிக்கிறேன்."

பேசியிருக்கிறார். மறுநாள் கிள்ளான் ரயிலில் நல்ல அரிசி வந்தது. கூடவே மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி, அவருக்கு அவரே எழுதியது. நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை, அண்ணா. ஒரு மனிதருக்குள் இருக்கிற இரண்டு பேர் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் எப்படித்தான் பிழைப்பது? நாற்பத்து மூன்று வயதில், காலேஜ் வரை படித்துவிட்டு, இந்தக் கூத்தையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று வருந்தினேன். நம் குடும்பத்தில் இந்தப் புத்தி யாருக்கும் இல்லை என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, பல்லோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கை புஷ்பவல்லி

பி.கு.: விடுதிக்குப் பால் நம் வீட்டு மாட்டிலிருந்துதான் போகிறது. மேட்ரனாக நான் விலை கேட்டேன். மாட்டுக்காரியாக நான் சொன்னேன். உடனே படிந்துவிட்டது, துண்டுகூடத் தேவைப்படவில்லை. பால் தண்ணீராக இருக்கிறதென்று பவுனம்மாள் உங்களுக்கு எழுதினால் நம்ப வேண்டாம்.