ரப்பர் பேண்டு போட்ட சம்பளம்

ஒண்ணாந்தேதி காலை பத்தே காலுக்கு இளவரசனின் சட்டைப் பையில் செல்போன் ரெண்டு தடவை சிணுங்கியது. சம்பளம் பதினேழாயிரம் கணக்கில் ஏறிவிட்டது என்றது முதல் சிணுங்கல். அந்தப் பதினேழாயிரமும் எடுக்கப்பட்டுவிட்டது என்றது அடுத்தது. நடுவில் நாலு நிமிஷம். மாசத்தில் அவன் காசுக்காரனாக இருக்கிற நேரம் அவ்வளவுதான். அதையும் அனுபவிக்க முடியாமல் அரக்குக் கலர் புடவை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாப்பா, முந்தானையைக் காட்டச் சொன்னா மூஞ்சியைக் காட்டிக்கினு நிக்கிற?" என்றார் புடவை வாங்க வந்த அம்மாள்.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் பத்தொன்பது வருஷமாகப் புடவை விரிக்கிறவன் இளவரசன். அவனுடைய ஏடிஎம் கார்டு மட்டும் அவனிடம் இல்லை. அது பெரிய காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பூவராகவனிடம் இருந்தது. அங்கே ஜெராக்ஸ் மெஷின் ஓடி யாரும் பார்த்ததில்லை. மேஜை டிராயரில், மாசச் சம்பளக்காரர்கள் அறுபத்து மூணு பேருடைய கார்டு ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருக்கும். நாயன்மார் கணக்கு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்கெட்ச் பேனாவில் ரகசிய நம்பர். ஒண்ணாந்தேதியானால் அவருடைய ஆள் பழனி அந்தக் கட்டோடு போய் ஏடிஎம்மில் நிற்பான். பின்னால் நிற்கிறவர்கள் திட்டித் தீர்த்துவிட்டு வேறு ஏடிஎம் தேடிப் போவார்கள்.

பூவராகவன் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அடுத்த தடவை கடன் கிடைக்காது.

எல்லாம் போன ஆடி மாசம் பிடித்த சனியன். ஆடியில் கல்யாணம் கிடையாது, கல்யாணம் இல்லாவிட்டால் பட்டு போகாது, பட்டு போகாவிட்டால் கமிஷன் கிடையாது. மகள் சந்தியா நர்சிங் காலேஜில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பீஸ் பாக்கி இருபதாயிரம் உடனே வேண்டும் என்றார்கள்.

வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. மனைவி ரேவதிக்கு அம்மா வீட்டு மனையில் பங்காக ரெண்டு லட்சம் வந்திருந்தது. "பேங்குல போட்டுட்டேன். சந்தியா கடைசி வருஷத்துக்கு ஆவும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். இவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பொண்ணு படிப்பு என் பொறுப்பு. உன் காசைத் தொட்டா நான் ஆம்பளையே இல்ல" என்று மாமியார் முன்னால் சவடால் அடித்துவிட்டான்.

பில் போடும் மாணிக்கவாசகம்தான் வழி சொன்னார். யோசனை சொல்வதற்கென்றே பிறந்த மனுஷர் அவர்.

"நகை வேணாம், பத்திரம் வேணாம். கார்டைக் குடு, நம்பரைச் சொல்லு, பணத்தை வாங்கிக்கினு வா. அவ்ளோதாம்பா."

இருபதாயிரம் கடனில் முதல் மாச வட்டி ரெண்டாயிரத்தைக் கழித்துக்கொண்டு பதினெட்டாயிரம் கொடுத்தார் பூவராகவன். வீட்டு வாசலில் வந்து கத்துவார்களே என்று பயந்து, திருப்பருத்திக்குன்றத்து வீட்டை மறைத்து, ஓரிக்கையில் இருப்பதாக விலாசம் எழுதிக் கொடுத்தான் இளவரசன். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்றைக்கு அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஒண்ணாந்தேதி சாயங்காலம் போனால், ரெண்டாயிரம் வட்டியும், பழனி ஏடிஎம் வரை நடந்த கூலி நூறும் பிடித்துக்கொண்டு மீதியைக் கவரில் போட்டுக் கொடுப்பார். தன் சம்பளத்தைக் கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டு வருவான் இவன்.

"அசல்ல ஒரு ஆயிரம் கழிச்சுக்கோங்க சார்."

"சில்லறையா வாங்கற பழக்கம் நமக்கு இல்லப்பா. அசலை மொத்தமா கொண்டா. இல்லியா, வட்டியைக் கட்டிக்கினு சந்தோஷமா இரு."

அஞ்சு மாசம் சந்தோஷமாக இருந்தான். வட்டியே பத்தாயிரம் போய்விட்டது. அசல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கடையில் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று வீட்டில் புளுகினான். ரேவதி துருவவில்லை. புடவைகளுக்குக் குச்சு கட்டிச் சம்பாதிக்கிறவள் அவள். மாசா மாசம் அஞ்சாந்தேதி "சீட்டுக் காசு வந்துச்சு" என்று கறி எடுத்துக் குழம்பு வைப்பாள். பர்ஸில் பத்து ரூபாய் இல்லாத இளவரசன் எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சிச் சாப்பிடுவான்.

அப்படிச் சாப்பிடும்போது ஒரு நாள் மெல்லப் பேச்சு கொடுத்துப் பார்த்தான். "எங்க கடையில ஒருத்தன் கார்டை அடமானம் வெச்சிட்டு முழிக்கிறான் ரேவதி. பாவமா இருக்குது."

"இன்னா பாவம்? வாங்கும்போது இனிச்சுது இல்ல? வாங்குனவன் கட்டித்தான் ஆவணும்" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவளிடம் உண்மையைச் சொல்லலாம் என்று வைத்திருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் அத்தோடு போயிற்று.

ஆறாம் மாசம் மாணிக்கவாசகத்துக்கு அடுத்த யோசனை உதித்தது.

"கார்டு தொலஞ்சி போச்சின்னு பேங்குல சொல்லுப்பா. புதுசு தருவான். பழசைச் சொருவினா மெஷின் காறித் துப்பிடும்."

காறித் துப்பியது. இளவரசன் தன் சம்பளத்தைத் தானே எடுத்து, எண்ணி, முகர்ந்துகூடப் பார்த்தான். நாலு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

அஞ்சாந்தேதி தட்டில் கறி இல்லை, வெறும் ரசம்.

"இன்னா ரேவதி, சீட்டுக் காசு வரலியா?"

"கொறச்சிக் குடுத்தாங்க. எவனோ ஒருத்தன் கட்டாம ஏமாத்திட்டானாம்."

ரசத்தைப் பார்க்கப் பார்க்க இளவரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவனையெல்லாம் சும்மா உடலாமா? வேலை செய்ற எடத்துல போயி நாலு பேரு முன்னாடி நிக்கச் சொல்லு. தானா கக்குவான்."

"சொல்றேன்" என்றாள் ரேவதி.

மறுநாள் பழனி கடைக்கே வந்துவிட்டான். வேலூரிலிருந்து வந்திருந்த கல்யாண கோஷ்டிக்கு நடுவில் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "முகூர்த்தப் புடவை காட்டு அண்ணே" என்றான்.

இளவரசன் ஒன்றை எடுத்து விரித்தான்.

"இது வேணாம். மயில் கழுத்துக் கலர்ல காட்டு. கார்டு எங்க அண்ணே?"

"மெல்லப் பேசுடா."

"மெல்லத்தான பேசறேன். மேல் தட்டுல இருக்குது பாரு, அதை எடு. மொதலாளி ரொம்ப வருத்தத்துல இருக்காரு. பார்டர் இன்னும் அகலமா காட்டு."

நாற்பத்தோரு புடவை விரித்தாயிற்று. நாற்பத்திரண்டாவதின் மடிப்புக்குள் புதுக் கார்டை வைத்து நீட்டினான் இளவரசன். பழனி அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் புடிக்கல அண்ணே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்தான். இத்தனை விரித்தும் ஒன்றுகூடத் தள்ளத் தெரியவில்லையே என்று கடை முதலாளி வேறு எல்லார் முன்னாலும் கத்தினார். பூவராகவன் அந்த மாச வட்டி ரெண்டாயிரமும், துரோகத்துக்கு அபராதம் ஐயாயிரமும் சேர்த்து, கடன் இருபத்தேழாயிரம் என்று எழுதினார்.

மாணிக்கவாசகம் விடுவாரா?

"செல்போன்லயே கடன் தரான்பா. அரை மணி நேரம்தான். ஆனா கட்டலன்னா உன் போன்ல இருக்கற அத்தினி நம்பருக்கும் போட்டு அசிங்கப்படுத்துவான்."

இளவரசன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எல்லா நம்பரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, போனிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தான். ரேவதி, சந்தியா, மச்சான், கடை முதலாளி. இனிமேல் போவதற்கு மானம் எதுவும் மிச்சமில்லாத இடத்து நம்பர் ஒன்றே ஒன்று இருந்தது. "பூவராகவன் சார்" என்ற அதை மட்டும் விட்டுவைத்தான்.

ஏழு நாளில் பன்னிரண்டாயிரம் கட்ட வேண்டும். கைக்கு வந்தது ஏழாயிரத்து ஐந்நூறு. ஓடிப்போய்ப் பூவராகவனிடம் நீட்டினால், "சில்லறை வாங்கமாட்டேன்னு எத்தினி வாட்டிப்பா சொல்றது?" என்று திருப்பிவிட்டார். அந்தப் பணம் சந்தியாவின் ஹாஸ்டல் பாக்கிக்குப் போயிற்று. எட்டாம் நாள் செல்போன்காரர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். ஊருக்கெல்லாம் போட வேண்டிய போனை இருந்த ஒரே நம்பருக்குப் போட்டார்கள்.

பூவராகவன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏம்பா, எவனோ என்னையே கடன்காரன்னு திட்றான். எங்கம்மாவைப் பத்திப் பேசறான். இருவது வருஷமா தொழில் பண்றேன், யார் ஆத்தாளையாவது பேசியிருக்கேனா?"

"இல்ல சார்."

"மனுஷத்தன்மையே இல்லாதவனுங்கப்பா" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு பன்னிரண்டாயிரத்தையும் தானே கட்டித் தீர்த்து, தன் மான நஷ்டத்துக்கு ஓர் ஆயிரம் போட்டு, கடன் நாற்பதாயிரம் என்று எழுதினார். மாச வட்டி நாலாயிரம் ஆயிற்று.

மறுபடி ஆடி வந்தது. சந்தியா போன் பண்ணினாள்.

"அப்பா, ரெண்டாம் வருஷ பீஸுக்குப் பத்தாந்தேதி கடைசிப்பா. கட்டலன்னா பேரை அடிச்சிடுவாங்களாம். கஷ்டம்னா சொல்லுப்பா, நான் நின்னுக்கறேன்."

"நீ படி. அப்பா இருக்கேன் இல்ல" என்று போனை வைத்தவனுக்குக் கடைப் படியிலேயே அழுகை வந்துவிட்டது. பத்தொன்பது வருஷ உழைப்பில் பெண்ணுக்கு ஒரு வருஷ பீஸ் கட்ட வக்கில்லையே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

இந்தத் தடவை அவன் மாணிக்கவாசகத்தைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தான். ஒண்ணாந்தேதி காலையில் போலீஸ் வந்து, ஏடிஎம் வாசலிலேயே பழனியைக் கார்டுக் கட்டோடு பிடித்தது. சேதி தெரிந்ததும் பூவராகவன் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே ஓடிவிட்டார். விசாரணை முடிகிற வரைக்கும் யாரும் ஒரு பைசா கட்ட வேண்டாம் என்றார் இன்ஸ்பெக்டர். நாலு நாள் விசாரித்துவிட்டுப் பழனியை விட்டுவிட்டார்கள்.

இளவரசனுக்குப் பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது. பேங்குக்குப் போய்ச் சம்பளத்தை எடுத்தான். அன்றைக்கு அஞ்சாந்தேதி, அரைக் கிலோ கறி வாங்கினான். ரேவதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, பீஸுக்கு அந்த ரெண்டு லட்சத்தில் கை வைப்பது, ஆம்பளை இல்லை என்று ஆனாலும் பரவாயில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தான்.

அடுப்பு பற்றவைக்கவில்லை. ரேவதி தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. மடியில் செல்போன் கிடந்தது.

"ரேவதி, உன்னாண்ட ஒண்ணு மறைச்சிட்டேன். பூவராகவன்னு ஒரு வட்டிக்காரன். ஒரு வருஷமா என் ரத்தத்தை உறிஞ்சினான். நான்தான் மனு குடுத்தேன். ஊரை உட்டே ஓடிட்டான்! நம்மைப் புடிச்ச பீடை ஒழிஞ்சுது."

ரேவதி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டான் இவன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பழனி. கன்னம் கன்றியிருந்தது. இளவரசனைப் பார்த்ததும் பேயைக் கண்டவன் மாதிரி நின்றுவிட்டான்.

"அண்ணே, நீ இன்னா இங்க? உன் வூடு ஓரிக்கை இல்ல?"

"இதாண்டா என் வூடு. இவ என் பொண்டாட்டி. இன்னும் இன்னாடா வசூல் உனக்கு?"

"வசூலுக்கு வரல அண்ணே. மாசா மாசம் அஞ்சாந்தேதி இந்த வூட்டுக்குக் காசு குடுக்க வருவேன். அந்நேரம் நீ கடையில இருப்ப."

பழனி அவளைப் பார்த்தான், இவனைப் பார்த்தான், இவன் கையிலிருந்த கறிப் பையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ரேவதியிடம் மெதுவாகச் சொன்னான்:

"மன்னிச்சுக்கோங்க அண்ணி, சந்தியா படிப்புக்குன்னு எங்க மொதலாளியாண்ட வட்டிக்கு உட்டீங்களே ரெண்டு லட்சம், அதுல நாப்பதாயிரம் இந்த அண்ணன்கிட்ட நிக்குது, மீதியைத் தூக்கிக்கினு மொதலாளி ஓடிட்டாரு."