நாடி பிடித்து நடப்பவர்

நாடி பிடித்து நடப்பவர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. ஏரிக்கரையில் பார்த்திருப்பீர்கள். கைகளைப் பின்னால் கட்டி, வலக்கை விரல்களால் இடக்கை மணிக்கட்டைப் பற்றி, பிரபஞ்சத்தை அசைபோடுபவர் போல மெல்ல வருவார். பிரபஞ்சமாவது! துடிப்பை எண்ணிக்கொண்டு வருகிறார்.

ஓய்வுபெற்ற தலைமைக் கணக்கர் ஒருவர் இவ்வினத்தின் திலகம். அவருடைய இதயம் எப்போதாவது ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததை ஓங்கி அடிக்கும். மருத்துவர் இ.சி.ஜி. எடுத்து, ஸ்கேன் பார்த்து, டிரெட்மில்லில் ஓடவிட்டு, பயமே இல்லை, தினமும் நன்றாக நடங்கள், படியேறுங்கள், மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள் என்றார். இத்தனையிலும் நம்மவர் காதில் ஏறியது ‘நிறுத்திவிட்டு’ ஒன்றுதான். நிறுத்திவிட்டார்.

ஓய்வுபெற்றதும் சேர்ந்து ஏரியைச் சுற்றுவோம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தவரும் இவரேதான். அந்த அம்மாள் அதற்காகவே வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். இப்போது என்ன நடக்கிறது? முதல் பெஞ்சிலேயே இவர் உட்கார்ந்துவிடுகிறார். இவருடைய தண்ணீர் பாட்டிலையும் மாத்திரை டப்பாவையும் சுமந்துகொண்டு அவர் தனியே சுற்றி வருகிறார்.

“இன்னும் இங்கேயேவா இருக்கீங்க?”

“நடுவுல ஒண்ணு தப்பிடுச்சு.”

“தப்பினது கிடக்கட்டும். தப்பாம அடிச்சுதே, அதை என்னிக்காவது எண்ணினீங்களா?”

எண்ணுவாரா? மூன்று மருத்துவர்கள் நலம் என்றால் மூவருமே சரியாகப் பார்க்கவில்லை என்பது இவ்வினத்தின் தர்க்கம். சந்தேகத்துக்குப் பதில் வேண்டாம், பேச்சுத்துணை போதும்.

நான்காவது மருத்துவரின் அறை நான்காம் மாடியில். லிஃப்ட் பழுது. முந்தியவருக்கே முதல் டோக்கன் என்றார்கள். மனைவியைக் கீழேயே விட்டுவிட்டு, இரண்டு இளவட்டங்களை முழங்கையால் ஒதுக்கி, நம்மவர் படிகளில் பறந்தார். முதல் டோக்கன் அவருக்கே.

“எப்படி மேல வந்தீங்க?” என்றார் மருத்துவர்.

“ஓடித்தான் வந்தேன். இல்லேன்னா டோக்கன் போயிருக்குமே.”

“மயக்கம், வலி ஏதாவது?”

“அதையெல்லாம் பார்க்க எங்கே நேரம்?”

மருத்துவர் பேனாவை மூடினார். “நாளைக்கும் இதே மாதிரி ஏறுங்க. ஆனா டோக்கன் வாங்காதீங்க.”

அப்போதுதான் மூச்சிரைக்க மேலே வந்த மனைவி, வாசலில் நின்று அதைக் கேட்டார். “அப்ப நாளைக்கு ஏரிக்கு ரெண்டு பேருமா?” என்றார். நம்மவர் விரல்கள் மணிக்கட்டுக்குப் போயின. இந்த மருத்துவருக்கு அனுபவம் போதாது என்றார்.

மறுநாள் அந்த அம்மாள் பாட்டிலையும் டப்பாவையும் பெஞ்சில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கைவீசி நடந்தார். அன்றைக்குத் திரும்பும்போது அந்தப் பெஞ்சு வழியாக வரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. புத்தகம் ஒரு கையில் இருக்கிறது. மற்றக் கை எங்கே?