சந்தனம் பூசிய சவுக்கு

சட்டமே தெரியாதவன் பிழைத்துக்கொள்வான். பாதி தெரிந்தவன் வாயைத் திறந்து மாட்டிக்கொள்வான். ஆனாலும் என் அக்கா வசந்தாவின் கல்யாணத்தில் நடந்ததற்கு நான் மட்டுமே காரணம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். (ஒப்புக்கொள்ளச் சொல்லி அக்கா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.)

1991, தை மாதம். திருத்தணி மலைக்கோயிலில் முகூர்த்தம். அடிவாரத்தில் கிடைத்த சின்னச் சத்திரத்தை மாப்பிள்ளை வீட்டாருக்கு விட்டுவிட்டோம். எங்களுக்கு மேட்டடார் வேன்தான் வீடு, அதன் பக்கத்திலேயே அடுப்பு. அங்கே போய் விறகுக்கு அலைவானேன் என்று, எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியிலிருந்தே காய்ந்த சவுக்கை வேன் கூரையில் ஏற்றச் சொன்னார் அப்பா. சம்பந்திக்குச் சூடாக டிபன் காபி போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. பெண் பார்க்க வந்த அன்றே, காபி ஆறியிருக்கிறது என்று டம்ளரைக் கீழே வைத்த மனிதர் சம்பந்தி.

"கல்யாண வெறகுடா, சந்தனம் குங்குமம் வெச்சு ஏத்து" என்றாள் அத்தை. ஒரு கட்டைக்கு வைத்தால் போதுமாம். அதை யார் என்னிடம் சொன்னார்கள்? கிண்ணம் காலியாகும்வரை எல்லாக் கட்டைக்கும் அப்பினேன்.

வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடி. காவலர் ஏணியில் ஏறி மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாய்யா, வாசன தூக்குது?"

சவுக்குக்கு பெர்மிட் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தெம்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"சந்தனம் சார். ஒரு கட்ட வுடாம சந்தனம்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். கடத்துகிறவன் கட்டைக்குப் பொட்டு வைத்து, வேனுக்கு வாழைக்கன்று கட்டி, கல்யாணப் பெண்ணையும் உட்காரவைத்துக்கொண்டா போவான் என்று கேட்டேன். அப்படித்தான் போவானுங்க என்றார் காவலர். சவுக்குப் பட்டையைப் பார்த்தால் எங்கள் ஊர்க் குழந்தைகூடச் சொல்லும். காட்டைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவருக்குத் தெரியவில்லை!

"கழுவிக் காட்டு. வாசன போச்சுன்னா வுட்டுர்றேன்."

கழுவினோம். சாவடி அடிபம்பில் குடும்பமே நின்று, கல்யாணப் பெண் உட்பட, விறகைக் குளிப்பாட்டினோம். அவர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் அந்த ஈர விறகு எரியவில்லை, புகைந்தது. மண்ணெண்ணெய் ஊற்றியும் புகைதான். அது நேராகச் சத்திரத்துக்குள் போய் மாப்பிள்ளை வீட்டாரை எழுப்பியது. இட்லி வேகவில்லை. காபிக்கு வேறு வழியில்லாமல் சம்பந்தியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அடுப்பை ஊதினார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவே கூசி வேனுக்குப் பின்னால் போய் நின்றார். பட்டினியாக, சிவந்த கண்களோடு எல்லோரும் மலையேறினோம்.

கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் பெண் வீட்டார் அழுவது சரி, மாப்பிள்ளை வீட்டார் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று தவறாமல் கேட்பார்கள். அத்தான் என்னைக் கை காட்டுவார்.

"இவன்தான் மச்சான்னு அப்பதான் சொன்னாங்கோ."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சாவடிக்காரரை மட்டும் இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.