பத்துக்குப் பத்து வாங்கிய காது

சாப்பாட்டு மேசையை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம்மவர் முடிவெடுத்தார். முடிவெடுக்க அவசியமே இல்லை. மேசை ஏழு வாரமாக அவரிடம்தான் இருந்தது. சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பிச் சுருள், மூடியில்லாத ஓர் அலுமினியப் பெட்டி, அதிலிருந்து குடல் சரிந்த மாதிரி வயர்கள். மனைவியும், ஒரு மாதம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து இரண்டு வருஷமாகத் தங்கியிருக்கும் மச்சினனும் சமையலறைத் திட்டின் மேல் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

பெட்டி சாதாரணப் பெட்டி அல்ல. கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டைக் காதுக்குக் கேட்கிற ஒலியாக மாற்றித் தரும் பெட்டி. கடையிலேயே கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கினால் ஏழு வாரம் மேசையைப் பிடித்து வைத்திருக்க முடியாதே.

மாற்றிய ஒலி வெளியே போக ஒரு வாசல் வேண்டும். நம்மவர் இரண்டு வைத்தார். ஒன்று, விரல் நகம் அளவில் எட்டுக் கால் சில்லு, சிப் என்பார்களே அது. இன்னொன்று, முஷ்டி அளவில் ஒரு ஜோடி டிரான்ஸ்ஃபார்மர். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க முன்னால் ஒரு குமிழ். இடப்பக்கம் திருப்பினால் சில்லு, வலப்பக்கம் திருப்பினால் டிரான்ஸ்ஃபார்மர். இது போதாதென்று ஃபில்டர் வேறு. பாட்டின் உச்ச ஸ்தாயிக்கும் மேலே சேருகிற இரைச்சல் குப்பையை வடிகட்டுவது அதன் வேலை. சட்டென்று வெட்டுகிற ஃபில்டரா, சரிவாக இறங்குகிற ஃபில்டரா என்று பதினாறு நாள் யோசித்துச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். கல்யாணத்துக்கு அரை மணி நேரத்தில் சம்மதம் சொன்ன மனிதர்.

நம்மவருக்கு வேலை அச்சகத்தில். லாரி நீளத்துக்கு ஒரு மெஷின். அதற்கு எண்ணெய் விட்டு, பல்சக்கரம் மாற்றி, திட்டி, தட்டிக்கொடுத்து இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நிற்பவர் பேசினால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். மனைவிக்கு வேலை காது ஆஸ்பத்திரியில். ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, பொடிப் பொடியாகச் சத்தம் அனுப்புவார். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். பதினாலு வருஷ அனுபவம்.

ஒரு தடவை வந்து காதை டெஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாள் இரண்டு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நம்மவரிடம் இரண்டு பதில்கள் கைவசம் இருந்தன. என் காது தங்கம், ஃபில்டருக்கு ஃபில்டர் வித்தியாசம் சொல்கிற காது என்பது ஒன்று. அப்படியானால் மோட்டாரை நிறுத்தச் சொல்லி மூன்று தடவை கத்தினேனே, டேங்க் வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீராச்சே என்று கேட்டால், சத்தியமாகக் காதில் விழவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே தலையில்தான் இருந்தன. ஒன்றுக்கொன்று சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

உள்ளுக்குள் பயம்தான். டெஸ்டில் குறை என்று வந்துவிட்டால் ஏழு வாரமும் போச்சு, மேசையும் போச்சு.

அன்று காலை மனைவி தட்டோடு வந்து மேசையருகே நின்றார். உட்கார்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்று என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள், இரண்டு வாசலையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார் நம்மவர்.

"ரெண்டுக்கும் நெஜமாவே வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுதாவா? ஒண்ணு, மனுஷன் பாடுறது. இன்னொண்ணு, தகர டப்பாக்குள்ள ஒக்காந்து மனுஷன் பாடுறது."

"எது டப்பா?"

"சில்லுதான்."

"பாக்காம சொல்லுவீங்களா?"

"தூக்கத்துல கூட சொல்லுவேன்."

"தூங்க வேணாம். திரும்பி ஒக்காந்தா போதும்."

பேச்சு முடிவதற்குள் பந்தயம் முடிவாகிவிட்டது. பத்துத் தடவை பாட்டு ஓடும். எட்டு சரியாகச் சொன்னால் மேசை ஆயுசுக்கும் அவருடையது. சொல்லாவிட்டால் வியாழக்கிழமை காது ஆஸ்பத்திரி. மச்சினன் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு நடுவர் ஆனான். அக்காவா மாமாவா என்றால் சாப்பாடு போடுகிற பக்கம்தான் அவன் பக்கம்.

நாற்காலியைப் போடுகிற பொறுப்பை நம்மவரே ஏற்றுக்கொண்டார். ஒலி நேராக வந்து விழ வேண்டும் என்று சொல்லி மூன்று தடவை இழுத்து இழுத்துப் போட்டார். கடைசியில் அது பாத்திர அலமாரிக்கு நேர் எதிரே போய் நின்றது. அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு. அதில் பின்னால் இருந்த மேசை, பெட்டி, குமிழ், குமிழ் மேல் மனைவியின் கை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. காதுதான் பதில் சொல்லப்போகிறது, கண் வெறும் சாட்சிக்குத்தான் என்று தன் மனசாட்சியிடம் சொன்னார். அதுவும் சரி என்றது. பழகின மனசாட்சி.

முதல் பாட்டு. கை சில்லுப் பக்கம் போனது.

"சில்லு. பாடுறவருக்கு மூக்கடைப்பு."

பாட்டை நிறுத்தி மறுபடி போட்டார் மனைவி. கை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம்.

"இதுதான் டிரான்ஸ்ஃபார்மர். ஜன்னலைத் தொறந்து விட்ட மாதிரி இல்ல?"

ஐந்தாவது தடவை பாடகர் எச்சில் விழுங்குவது கேட்கிறது என்றார். ஏழாவது தடவை அந்த இடத்தில் ஒரு நீளமான மௌனம் இருக்கிறது, அதைக் கேள் என்று மச்சினனுக்குப் பாடம் எடுத்தார். ஒன்பதாவது தடவை, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கை போனதும், அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. தன் கையால் செய்த பெட்டி இப்படிப் பாடும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

மச்சினன் பட்டியலைப் படித்தான். அஞ்சு சில்லு, அஞ்சு டிரான்ஸ்ஃபார்மர்.

"என் கை போன பக்கம் அப்படியே சொல்லிட்டீங்க," என்றார் மனைவி. "பத்துக்குப் பத்து."

"அப்ப மேசை?"

"வந்து குமிழைப் பாருங்க."

குமிழ் சில்லுப் பக்கம் இருந்தது. அசையாமல் இருப்பதற்காக அதன்மேல் குறுக்காக ஒரு பிளாஸ்திரி, ஆஸ்பத்திரி வெள்ளையில். முதல் பாட்டுக்கு முன்னாலேயே ஒட்டி, கையால் மறைத்தது. பத்துத் தடவையும் கைதான் போய்வந்தது. எச்சில் விழுங்கியதும் கண் கலங்க வைத்ததும் எல்லாம் அந்தத் தகர டப்பா.

"சில்லுன்னு சொன்ன அஞ்சும் சரிதானே," என்று நம்மவர் ஈனஸ்வரத்தில் கேட்டுப் பார்த்தார்.

"எட்டு வேணும். பதினாலு வருஷமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒக்காந்திருக்கேங்க. என் தோள் அசையிறதப் பாத்து பட்டன் அமுக்குறவங்க வாரத்துக்கு நாலு பேராவது வருவாங்க. நாற்காலிய நானே போட்டுக்கறேன்னு சொன்னவர் நீங்க ஒருத்தர்தான்."

மச்சினன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேப்பரை மடித்தான். மனைவி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, குறை இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும் என்றார். "மூணு தடவ கூப்பிட்டும் நீங்க திரும்பலன்னா எனக்குப் பயமா இருக்கு." நம்மவருக்கு அந்த நேரம் பார்த்து மேசை மேல் கிடந்த ஒரு ஸ்க்ரூவை ரொம்ப உன்னிப்பாகப் பார்க்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை போனார்கள். கண்ணாடி அறையில் நாற்காலி சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கினார். அப்புறம் மனைவி ஒரு தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதில் ஒரு கோடு நேராகப் போய், கடைசியில் கீழே இறங்கியது.

"வழக்கமா சத்தத்தோட உச்சத்த எட்டாயிரம் ஹெர்ட்ஸோட நிறுத்திடுவோம். உங்களுக்காக அதுக்கு மேலயும் போனேன். பன்னெண்டாயிரம் வரைக்கும் ஏதோ கேக்குது. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. மெஷின் சத்தம் தின்னுடுச்சு."

"என் ஃபில்டரோட வேலையெல்லாம் இருபதாயிரத்துக்குக் கிட்டல்ல இருக்கு?"

"ஆமாங்க."

பதினாறு நாள் யோசித்த மனிதர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் தாளைக் காட்டி, "இது எறங்குறது வெட்டா, சரிவா?" என்றார்.

மனைவி பேனாவால் கோட்டைத் தடவிப் பார்த்தார். "சரிவுதான். உங்களுக்குப் புடிச்சதே."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நாளையிலிருந்து மெஷின் பக்கம் காதுக்கவசம் இல்லாமல் போகக் கூடாது என்று மனைவி அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தக் கை இதமாக இருந்தது. நம்மவருக்கு இன்னொரு விதத்திலும் இதமாக இருந்தது. காதில் குறை என்று தாளிலேயே வந்தாயிற்று. இனி யார் அவரை மோட்டாரை நிறுத்தச் சொல்ல முடியும்?

மனைவி கோட்டின் நேரான பகுதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். "இதான் நிம்மதி. மனுஷங்க பேசுறதெல்லாம் இந்த வட்டத்துக்குள்ள. என் குரலும் இங்கதான். இதுல ஒரு பொட்டுக் குறை இல்ல. அடுத்த ரூம்லருந்து மெதுவா சொன்னாக்கூட உங்களுக்கு..."

அங்கே நிறுத்தினார். பேனாவை மூடினார். நம்மவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப அந்த மோட்டாரு?"

இப்போது அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதே பிளாஸ்திரிதான். மேசையில் மூன்று பங்கு சாப்பாட்டுக்கு, ஒரு மூலை பெட்டிக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்மவர் அந்த மூலையில் குனிந்திருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "டேங்க் நெறஞ்சிடுச்சு போல," என்றார்.

எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்த மச்சினன் நிமிர்ந்தான். "மாமா, அக்கா ஏதாவது சொன்னாங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

நம்மவர் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, மோட்டாரை நிறுத்தப் போனார்.