நாசம் சாரும் சாகாத பொட்டியும்

ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் முகம் வாடிப்போகிற மனிதர் என் வாழ்நாளில் ஒருவர்தான். கெட்டுப்போனது என்று சொன்னால் டீ வாங்கிக் கொடுப்பார். அடியோடு செத்துப்போனது என்றால் பிரியாணி. நல்ல பொருளைக் கெடுப்பதற்கென்றே ஒரு கம்பெனி அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, பெங்களூரிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்கு அனுப்பியிருந்தது. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். உப்பளத்துப் பெண்கள் வைத்த பெயர் நாசம் சார்.

சுனாமி வந்துபோய் ஒரு வருஷம் ஆகியிருந்த தை மாதம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அதற்குள் லாரி கிளீனர், செங்கல் சூளை, கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பது என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு உப்பளத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். உப்பளத்தில் நின்றால் பாதம் வெடிக்கும். வெடிப்பில் உப்புத்தண்ணி இறங்கும். கொஞ்ச நாளில் காலுக்கே அது பழகிவிடும். படுக்க டிராக்டர் கொட்டகை இருந்தது. எனக்கு அது போதும்.

அவர் வந்த அன்று டீக்கடையில் கேட்ட முதல் கேள்வி இது: "இந்தப் பக்கம் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்குமாங்க?"

"சார், நேத்து வாங்கின கதவு நாளைக்கு ஓட்டையாயிடும்" என்றார் டீக்கடைக்காரர், கொஞ்சம் வருத்தமாக.

அவர் முகம் பூத்துவிட்டது. "அப்படியா! ரொம்ப சந்தோஷம்."

கூனிமேட்டில் அவருக்கு ரூம் காட்டிய காசிம் பாய், "இதுல ஜன்னல் கம்பியெல்லாம் அரிச்சுப் போயிருக்குது சார், பின்னாடி நல்ல ரூம் இருக்குது" என்றாராம். நாசம் சார் அந்தக் கம்பியை ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்துவிட்டு, இதுதான் வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பாய் மீன் வியாபாரி. எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர். அன்றைக்கு அவரே கொஞ்சம் பயந்துவிட்டார்.

உப்பளத்து வரப்பில் ஒரு இரும்பு ஸ்டாண்டு நட்டு, அதில் நாலு சாம்பல் நிறப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் சாப்பாட்டு கேரியர் அளவு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டரி, ஒரு பச்சை விளக்கு. பச்சை எரிந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பகலில் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தினமும் காலையில் கூனிமேடு பஸ்ஸில் வந்து இறங்கும்போதே தூரத்திலிருந்து கேட்பார்: "டேய், எதுனா செத்துச்சா?"

"இல்ல சார், எல்லாம் நல்லா இருக்குது."

"சே" என்று தலையில் அடித்துக்கொண்டு வருவார்.

பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரேயரில் உப்புத்தண்ணியை நிரப்பி, பெட்டிகளுக்கு சாமி அபிஷேகம் மாதிரி அடிப்பார். "நாசமாப் போ, நாசமாப் போ" என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஐந்தாவதாக ஒரு பெட்டி இருந்தது. அதை உப்பு ஏற்றும் டிராக்டருக்குப் பின்னால் கட்டி, குண்டும் குழியுமான ரோட்டில் இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். பிறகு அதையே காசிம் பாயின் ஐஸ் பெட்டியில் வஞ்சிர மீனுக்கு நடுவில் படுக்க வைத்தார்.

"சார், நம்ம மீனு ஹலாலான சரக்கு. உங்க பொட்டியில கரண்டு கிரண்டு இருக்குதா?" என்று பாய் கேட்டார்.

"இருந்தா நல்லதுதான் பாய். ஷாக் அடிச்சா உடனே எனக்கு போன் பண்ணுங்க."

சொந்தப் பொருளையும் அவர் விட்டுவைக்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை மூன்று முறை அமுக்கிப் பார்த்த பிறகுதான் உட்காருவார். புதுச் செருப்பை உப்புத்தண்ணியில் ஊறப்போட்டுத்தான் காலில் மாட்டுவார். ஒருநாள் புதுக் குடை ஒன்றை வாங்கி, கடல் காற்றுக்கு எதிராக விரித்துப் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் நின்றார். குடை பின்பக்கமாகத் திரும்பி, கம்பி பிய்ந்து, கறுப்புக் காக்கா மாதிரி பறந்துபோய்ப் பாத்தியில் விழுந்தது. சிரித்துக்கொண்டே வந்தார். "மழை நாள்ல உடையாம இன்னிக்கே உடஞ்சுது பார்த்தியா? எவ்ளோ நிம்மதி!"

மழை நாளில் அவர் கையில் குடையே இருக்காது என்பது வேறு விஷயம்.

உப்பு வாரும் பெண்களுக்கு காளியம்மா தலைவி மாதிரி. ஒருநாள் கஞ்சி குடிக்கிற நேரத்தில் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"ஏன் சார், வாயில்லாத பொட்டியை இப்படிக் கரிச்சுக் கொட்டுறீங்களே. அது உங்களுக்கு இன்னா பாவம் பண்ணுது?"

நாசம் சார் ஸ்பிரேயரைக் கீழே வைத்தார். "இது ஹெலிகாப்டர்ல போற பொட்டிம்மா. அங்க கரண்ட்டு ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும். இது அதை வாங்கி, வயர்லெஸ்சுக்கு இவ்ளோ, வழி காட்டுற மெஷினுக்கு இவ்ளோன்னு சீராப் பிரிச்சுக் கொடுக்கும். பந்தியில பரிமாறுறவன் மாதிரி. இது நின்னுச்சுன்னா மேல இருக்கிறவங்களுக்குப் பேசவும் முடியாது, வழியும் தெரியாது."

"மேல யாரு இருக்காங்க?"

"என் தம்பி இருக்கான். கடல்ல மாட்டிக்கினவங்களைக் கயித்துல எறங்கித் தூக்குறான் பாருங்க, அந்த வேலை. அவன் ஏறப் போற ஹெலிகாப்டர்ல இந்தப் பொட்டியைத்தான் மாட்டப் போறாங்க. கெட்டுப் போறதா இருந்தா இங்க, என் கையில கெட்டுப் போகட்டும். அவன் கயித்துல தொங்குறப்போ கெடக் கூடாது."

சுனாமிக்குப் பிறகு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். காளியம்மா எழுந்துபோய் ஒரு பெட்டியின் தலையைப் புடவை முந்தானையால் துடைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகும் பெட்டிகள் சாகவே இல்லை. மாசிப் பனி அப்படிக் கொட்டியது. டிராக்டர் கொட்டகையின் தகரத்திலேயே ஓட்டை விழுந்தது. ஸ்டாண்டில் கட்டியிருந்த கம்பி துருவாக உதிர்ந்தது. நாலு பச்சை விளக்கும் கோவில் தீபம் மாதிரி எரிந்துகொண்டிருந்தன. நாசம் சார் இளைத்துப் போனார். "இது நியாயமே இல்லடா. எவ்ளோ நல்ல பொட்டியா இருந்தாலும் ஒரு தடவையாவது தும்மணும்ல?" என்பார்.

பெங்களூரில் கொண்டாட்டம். அவருடைய மேனேஜர் ஒரு பெட்டி லட்டும், கையெழுத்துப் போட வேண்டிய தாளும் எடுத்துக்கொண்டு காரிலேயே வந்துவிட்டார். கையெழுத்து விழுந்தால் அடுத்த வாரமே பெட்டிகள் ஹெலிகாப்டருக்குப் போய்விடும். நாசம் சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதாமல் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அதற்குள் லட்டை காளியம்மாவிடம் நீட்டினார்.

"எதுக்கு சார் ஸ்வீட்டு?"

"பொட்டி பாஸாயிடுச்சும்மா. இந்த உப்புக் காத்துல, ராத்திரி பூரா பனியில கிடந்தும் ஒன்னும் ஆகல."

காளியம்மா லட்டை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார். "பனியிலயா? பனியில யாரு வுட்டது? சாயங்காலமானா நாங்கதான் ஓலை போட்டு மூடிட்டுப் போறோமே."

நாற்காலியையே மூன்று முறை அமுக்கிப் பார்க்கிற மனிதர், ஈர வரப்பு என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அவர் நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார். பெண்கள் வேலை முடிந்து போகும்போது உப்புக் குவியலைப் பனை ஓலையால் மூடுவார்கள். கூடவே பெட்டிகளையும் மூடுவார்கள். காலையில் அவர் பஸ் வருவதற்குள் வேலைக்கு வந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். நானும் தினம் பார்த்ததுதான். உப்பளத்தில் ஓலை போட்டு மூடுவதை யாராவது செய்தி என்று போய்ச் சொல்வார்களா?

"யாரும்மா உங்களை மூடச் சொன்னது?" நாசம் சாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"யாரு சொல்லணும்? உங்க தம்பி உசிரு இதுலதான் இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அத்தக் கேட்டுட்டு, நனைய வுட்டுட்டு வூட்டுக்குப் போயி சோறு துன்ன முடியுமா?"

திறந்து வைத்திருந்த பேனாவை அவர் மூடினார்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மேலேயும் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். "பகல்ல காத்து பட்டிருக்குல்ல, ஸ்பிரே பண்ணியிருக்கீங்கல்ல? போதும், போடுங்க" என்றார்.

"ஹெலிகாப்டர் கடல் மேல நிக்கிறப்போ காளியம்மா ஓலை எடுத்துக்கிட்டு மேல போவாங்களா சார்?"

"ஏணி இருந்தா போவேன்" என்றார் காளியம்மா, லட்டை மென்றுகொண்டே.

மேனேஜர் தாளை மடித்தார். இந்த மாதக் கடைசி வரைக்கும்தான், அதற்கு மேல் தன்னால் யாருக்கும் பதில் சொல்ல முடியாது என்றார். மீதி லட்டை என்ன செய்வது என்று கேட்டார்.

"வெச்சுட்டுப் போங்க. செத்தா சாப்பிடுறோம்" என்றார் நாசம் சார்.

அன்றிலிருந்து பெட்டிகள் திறந்தே கிடந்தன. பெண்களுக்குத்தான் கஷ்டம். சாயங்காலம் குவியலை மூடி முடித்த பிறகும் கை தானாக இன்னொரு ஓலையைத் தேடும். "பெத்த புள்ளைய வெளியில போட்டுட்டுப் போற மாதிரி இருக்குது" என்று காளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். போகும்போது எல்லாப் பெண்களும் வரிசையாக நின்று பெட்டிகளைத் திட்டிவிட்டுப் போனார்கள். நாசம் சாருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசவு. மரக்காணத்துப் பெண்களுக்கு அப்படியா? அதில் பாதியைப் பத்திரிகையில் எழுத முடியாது. மீதியைக் கேட்டு நாசம் சாரே பெட்டிக்காகப் பரிந்து பேசினார்.

மாதம் முடிய இருந்தது. ஒரு காலை, எதிரில் இருக்கிற ஆளே தெரியாத அளவுக்குப் பனி மூட்டம். ஸ்டாண்டு பக்கம் போனேன். இரண்டாவது பெட்டியின் பச்சை விளக்கு இரண்டு தடவை துடித்தது. நின்றுவிட்டது. காளியம்மா என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"செத்துடுச்சாடா?"

"செத்துடுச்சும்மா."

அவர் கும்பிட்டார். பெட்டியையா, கடலையா என்று தெரியவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கிய நாசம் சாரிடம் சொன்னதும், வரப்பு மேல் ஓடி வந்தார். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தார். உள்ளே எல்லாப் பாகத்துக்கும் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருந்தது. ஆனால் ஒரு தடித்த சுருளுக்கு அடியில் அந்தப் பூச்சு போய்ச் சேரவில்லை. பனி ஈரம் அங்கே புகுந்து, இரண்டு பற்றவைப்புகளுக்கு நடுவில் தலைமுடி அளவு வெள்ளைக் கோடு ஒன்றைப் போட்டு, கரண்ட்டைக் குறுக்கே ஓட விட்டிருந்தது. "இதுதான், இதேதான்" என்று எங்கள் ஒவ்வொருவருக்கும் காட்டினார். கல்யாணத்தில் தாலியைத் தொட்டுக் கும்பிட எடுத்து வருகிற மாதிரி காட்டினார்.

செல்போன் சிக்னல் உப்புக் குவியல் உச்சியில்தான் கிடைக்கும். ஏறினார். மேனேஜரிடம் சொன்னார். அந்தப் பக்கமிருந்து "நல்லவேளை" என்று ஒரே ஒரு வார்த்தை வந்ததாம். அடுத்தது தம்பிக்கு. "டேய், செத்துப் போச்சுடா. ஆமாண்டா, இங்கயே செத்துப் போச்சு. நீ நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி குவியலில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். குவியலின் சொந்தக்காரர் திட்டியது அவர் காதில் விழவே இல்லை.

பிரியாணி காசிம் பாய் வீட்டிலிருந்து வந்தது. "எந்த வீட்டு விசேஷம் சார்?" என்று பாய் கேட்டிருக்கிறார். "சாவு பாய்" என்றிருக்கிறார் இவர். பாய் மறுபேச்சுப் பேசாமல் அண்டாவை இறக்கிவிட்டுப் போய்விட்டார். லட்டையும் எடுத்தோம். கல்லாகியிருந்தது. உடைத்துத் தின்றோம்.

பூச்சு சேராத அந்த இடத்தைச் சரிசெய்து புதுப் பெட்டிகள் வந்தன. கோடை முழுக்க வெயிலிலும், பிறகு மழையிலும் கிடந்தன. வசவுக்கும் குறைவில்லை. ஒன்றுகூடத் தும்மவில்லை. ஐப்பசியில் அவர் கையெழுத்துப் போட்டார்.

கிளம்புகிற அன்று வானம் கறுத்திருந்தது. அவர் டிரங்குப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். ரோட்டை நெருங்கும்போது காளியம்மா பின்னால் ஓடி வந்தார். கையில் ஒரு பனை ஓலை. அதை நாசம் சார் தலை மேல் கவிழ்த்தார்.

"பொட்டி நனையட்டும் சார். நீங்க நனைய வேணாம்."

எதையும் மூட விடாத அந்த மனிதர், பாண்டிச்சேரி பஸ் வருகிற வரைக்கும் அந்த ஓலையைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை.